பாயின் நடுவே ஒரு சாண்

என் கட்டில் மெத்தைக்கு அடியில் ஒரு பாய்த் துண்டு கிடக்கிறது. அகலம் ஒரு சாணுக்குக் கொஞ்சம் கூடுதல், நீளம் ஓர் ஆள் படுக்கிற நீளம். தாழை ஓலையில் பின்னியது. என்னைப் பார்த்துக்கொள்ள வருகிற பெண் போன வாரம் விரிப்பு மாற்ற மெத்தையைத் தூக்கியவள், அதைச் சுருட்டிக் கையில் எடுத்துக்கொண்டு, "அம்மா, இது எதுக்காக்கும்? பூச்சி அரிச்சிருக்கு. தூரப் போட்டிரட்டா?" என்று கேட்டாள். "அங்கேயே வச்சிரு மக்கா" என்றேன். அவள் ஓரத்தில் வைக்கப் போனாள். "ஓரத்தில இல்ல, நடுவில" என்றேன். என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு நடுவில் வைத்தாள். எதுக்கு என்று அவள் கேட்டதற்கு நான் ஒன்றும் சொல்லவில்லை. அதே பாயைப் பார்த்து அதே கேள்வியை எங்கள் வீட்டில் ஒரு காலத்தில் கேட்டிருக்கிறார்கள். நாலாம் வகுப்போடு நின்றுபோன எனக்கு அதற்குப் பதில் சொல்லும் படிப்பு இல்லை. வாயால் பேசலாம் என்றால் இந்த வயதிலும் கூச்சம் விடவில்லை. எழுதினால் யார் முகத்தையும் பார்க்க வேண்டாமே என்றுதான் எழுதுகிறேன்.

என் பிறந்த வீடு திற்பரப்புக்குப் பக்கத்தில், ஆற்றங்கரையில். கரை முழுக்கத் தாழைப் புதர். எங்கள் பக்கத்துப் பெண்களுக்கு முள் வாரவும் ஓலை கீறவும் பாய் பின்னவும் யாரும் சொல்லித்தர வேண்டாம், பார்த்துப் பார்த்தே கைக்கு வந்துவிடும். அப்பா இறந்துபோனதால் என் கல்யாணம் தள்ளிப்போய், இருபது வயதுக்கு மேல்தான் நடந்தது. அந்தக் காலத்துக்கு அது பிந்திய கல்யாணம். இராஜாக்கமங்கலத்தில் தென்னந்தோப்பும் கொஞ்சம் வயலும் உள்ள வீட்டுக்கு இளைய மருமகளாக வந்தேன். அப்போது எல்லாம் திருவிதாங்கூர். வீட்டில் மாமி, அவள் மக்கள் இரண்டு பேர், மூத்த மகனின் மனைவி, அவர்கள் மகள். மாமனார் வெகு காலத்துக்கு முன்பே போய்விட்டார். மூத்தவரை நான் அத்தான் என்பேன். அவர் மனைவியை, என் ஓர்ப்படியாளை, அக்கா என்று கூப்பிட்டேன். என்னைவிட இருபது வயது மூத்தவள். வாய் ஓயாமல் பேசுவாள். என் பேச்சில் மலையாளம் கலந்து இழுவையாக வரும். "ஏட்டி, நீ சண்ட போட்டாலும் பாட்டு கேக்க மாதிரில்லா இருக்கு" என்று சொல்லிச் சிரிப்பாள். அந்த வீட்டில் எனக்குப் பயமில்லாமல் சிரிக்க முடிந்தது அவள் பக்கத்தில் மட்டும்தான்.

கல்யாணத்துக்குப் பெண் வீட்டிலிருந்து இரண்டு பேர் படுக்கும் அகலத்தில் ஒரு பாய் கொடுத்து விடுவது எங்கள் பக்கத்து முறை. என் அம்மா இரண்டு பாய் பின்னிக் கொடுத்தாள். ஒன்று எனக்கு. மற்றது அந்த வீட்டு மூத்த மருமகளுக்கு. இளையவள் புதுப் பாயோடு வரும்போது மூத்தவள் பழைய பாயில் கிடக்கக் கூடாது என்பது அம்மாவின் மரியாதை. இரண்டுக்கும் ஓரத்தில் சிவப்புச் சாயம் ஏற்றிய ஓலை ஓடும். அக்கா அதை விரித்துப் பார்த்துவிட்டு, "இதில படுத்தா ஒருத்தரத் தேடி மத்தவரு நடந்துல்லா போவணும்" என்றாள். பட்டாசலில், அதாவது முன்கூடத்தில், இருந்த ஆண்கள் காதில் விழுந்துவிட்டது. எனக்கு அடுக்களைக்குள் ஓடி ஒளியத் தோன்றியது.

எங்கள் அறைக்கும் அவர்கள் அறைக்கும் நடுவில் ஒரு பலகைச் சுவர்தான். விளக்கணைத்த பிறகு அத்தானும் அக்காவும் பேசிக்கொள்வது கேட்கும். சொற்கள் புரியாது, முணுமுணுப்பும் இடையில் அடக்கிய சிரிப்பும்தான். பகலில் அத்தான் பேசி நான் கேட்டதில்லை. மாமி எது சொன்னாலும் தலையை ஆட்டிவிட்டுத் தோப்புக்குப் போகிறவர். அந்த மனிதருக்கு இவ்வளவு பேச்சு எங்கிருந்து வருகிறது என்று ஆச்சரியமாக இருக்கும். கல்யாணமான புதிதில் பயத்தோடு படுத்திருந்த எனக்கு, அந்த முணுமுணுப்பைக் கேட்டால் ஒரு ஆறுதல்.

வருஷங்கள் போயின, எனக்குப் பிள்ளை உண்டாகவில்லை. மாமி கெட்டவள் அல்ல. எனக்குச் சோற்றில் குறை வைத்ததில்லை. ஆனால் அவளுக்கு ஒரு தீர்மானம் உண்டு. "பாய் பிள்ளைக்கு உள்ளதாக்கும்" என்பாள். வித்து நெல்லைப் பற்றிப் பேசுகிற மாதிரி, கோபமே இல்லாமல் சொல்வாள். அதனால்தான் எனக்கு அதிகமாக வலிக்கும். என் பாய் சும்மா கிடக்கிற பாய் என்றாகிவிட்டது. நாளடைவில் நானும் அதை நம்பிவிட்டேன். என் கணவர் அன்பாகப் பக்கத்தில் வந்தாலும், இது எதில் போய் முடியும், இந்த மாதமாவது உண்டாகுமா என்றே மனம் ஓடும். அவர் என்னைத் தொடுவதும் மாமியின் கணக்கில் ஒரு வேலையாகிவிட்ட மாதிரி இருந்தது.

ஒருமுறை மாமியே எங்கள் இருவரையும் கன்னியாகுமரிக்கு அனுப்பினாள். அங்கே கடலில் குளித்து அம்மனைத் தொழுதால் பிள்ளை கிடைக்கும் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். கையில் மாலையோடு கல்யாணம் நடக்காமல் நிற்கிறவள் அந்த அம்மன். அவளிடம் போய்ப் பிள்ளை கேட்டுக்கொண்டு நிற்கிறோமே என்று எனக்கு உள்ளுக்குள் உறுத்தியது. பெறாத அவளையும் எல்லோரும் அம்மை என்றுதானே கூப்பிடுகிறார்கள். முக்கடலில் முழுகி ஏறியபோது எனக்குக் குளிரில் பல் கிட்டியது. என் கணவர் தோளில் கிடந்த துவர்த்தை எடுத்து, அத்தனை பேர் பார்க்க, படிக்கட்டில் வைத்து என் தலையைத் துவட்டிவிட்டார். வெட்கத்தில் எனக்கு உயிர் போயிற்று. "ஆளுவ பாக்காவ, விடுங்கோ" என்றேன். "பாத்தா பாக்கட்டு. ஒனக்குச் சளி பிடிச்சா அவனா மருந்து வாங்கித் தருவான்?" என்றார். அந்த வேண்டுதலால் பிள்ளை கிடைக்கவில்லை. ஆனால் அந்தத் துவர்த்தின் உப்பு வாடை எனக்கு இன்றும் நினைவிருக்கிறது.

திரும்பி வந்த கொஞ்ச நாளில், மாமி தன் தம்பி முறை உள்ள ஒருவர் வீட்டில் ஒரு பெண் இருப்பதாகப் பேச ஆரம்பித்தாள். என் கணவருக்கு இரண்டாவதாக. நானும் இருக்கலாம், யாரும் என்னைப் போகச் சொல்லவில்லை. அக்கா மகளின் கல்யாணம் முடியட்டும், பிறகு பார்க்கலாம் என்று வைத்திருந்தாள். என் கணவர் ஆம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. தாய் முகத்தைப் பார்த்து மறுத்துப் பேசும் வழக்கம் அந்த வீட்டில் யாருக்கும் இல்லை.

அந்த வருஷந்தான் எங்கள் பக்கத்தைத் தமிழ்நாட்டோடு சேர்க்கப் போகிறார்கள் என்று ஊரெல்லாம் பேச்சாகக் கிடந்தது. அக்கா மகளின் கல்யாணம் ஆவணியில் நடந்தது. மறுவீட்டுக்கு மாப்பிள்ளை வரும் நாளின் காலையில், மாமி அக்காவின் பாயை முற்றத்துக்குக் கொண்டுவந்து விரித்தாள். வெயிலுக்குப் போடுகிறாள் என்றுதான் நினைத்தேன். வெட்டுக்கத்தியை வைத்து நடுவே நேராக அறுத்தாள். மகளைக் கட்டிக்கொடுத்த பிறகு தாயும் தகப்பனும் படுக்கை பிரிய வேண்டும் என்பது அந்தக் காலத்து வழக்கம். அக்கா அறையைப் புதுப்பெண்ணுக்கு விட்டுவிட்டு அடுக்களையை ஒட்டிக் கூரை இறக்கிய சாய்ப்பில் படுக்க வேண்டும், அத்தான் பட்டாசலில். ஆளுக்குப் பாதிப் பாய். "மருமவன் வாற வீட்டில கெழவனும் கெழவியும் ஒண்ணாக் கெடந்தா நாலு பேரு சிரிப்பாவ. ஒனக்கும் ஒனக்க மவளுக்கும் ஒண்ணா வயித்தில வந்தா நான் எங்க போய் முகத்த வைப்பேன்?" என்றாள் மாமி.

"மாமி, எனக்கு அது நின்னு வருசமொண்ணாச்சு. இனி வயித்தில ஒண்ணும் வராது" என்றாள் அக்கா.

"அப்பம் பின்னே பாய் எதுக்குட்டி?"

அக்காவின் வாய் அடைத்துப்போனதை நான் பார்த்தது அன்றைக்கு மட்டும்தான். பிள்ளைக் காலம் முடிந்தவளுக்குப் பாய் வேண்டாம் என்றால், பிள்ளையே வராதவளுக்கு மட்டும் எதற்கு? அவள் பாயை அறுத்த கத்தி அடுத்தது என் அறைக்குத்தான் வரும் என்று தெரிந்துவிட்டது.

பாயைப் பற்றித் தெரிந்தவர்கள் அதைக் கத்தியால் அறுக்க மாட்டார்கள். தாழம்பாய் நேர்கோட்டில் ஓடுகிற பின்னல் இல்லை, மூலைக்கு மூலை சாய்ந்து ஓடுவது. நடுவில் அறுத்தால் ஒவ்வொரு ஓலையும் பிடி விட்டுப்போகும். மாமி பாய் பின்னிப் பழகாதவள், அவளுக்கு அது தெரியாது. மாப்பிள்ளை வீட்டார் வந்து போவதற்குள் இரண்டு பாதியும் அறுத்த பக்கத்தில் பிரிந்து, விளக்குமாறு மாதிரி ஆகிவிட்டது. விளக்கணைத்த பிறகு பலகைச் சுவருக்கு அந்தப் பக்கம் வேறு முணுமுணுப்பு கேட்டது, மகளும் மாப்பிள்ளையும். அது வயதுக்குரிய பேச்சு, நான் காதை மூடிக்கொள்வேன். பகலில் அத்தான் முன்னிலும் பேசாதவராகிவிட்டார். ஒருநாள் சோறு பரிமாறிய அக்காவிடம், "நீ சாப்பிட்டியா?" என்று எல்லார் முன்னாலும் கேட்டுவிட்டு, கேட்டதற்குத் தானே கூச்சப்பட்டு இலையைப் பார்த்துக் குனிந்துகொண்டார்.

மகளும் மாப்பிள்ளையும் அவர்கள் வீட்டுக்குப் போனபின் ஒரு பகலில், தொழுவத்தில் வைக்கோல் உதறிக்கொண்டிருந்தோம். அக்காவுக்கு வாய் திரும்பியிருந்தது. "ஏட்டி, இந்தப் பசுவப் பாத்தியா? அதுக்கு ஒரு காலம் உண்டு. செனை பிடிச்சாச்சுன்னா பின்னே காளைய அண்ட விடாது, கொம்பால குத்தும். நான் மவள வயித்தில வச்சிருக்கச்சில அவியளக் குத்தி வெரட்டவா செய்தேன்?" என்றாள். நான் முகத்தை வைக்கோலில் புதைத்துக்கொண்டேன். "சிரிக்காதட்டி. மனுசனுக்கு மட்டும் ஏன் காலம் வைக்கல்ல? பிள்ளைக்கு மட்டும் உள்ளதுன்னா, மாட்டுக்கு வச்ச மாதிரி வச்சிருக்கலாமே." இன்னொரு கட்டு வைக்கோலை அவிழ்த்து உதறினாள். பிறகு சிரிப்பில்லாமல் சொன்னாள். "மத்தது உண்டா இல்லியான்னு நான் சொல்ல மாட்டேன். அது எங்க ரெண்டுபேருக்க காரியம். பகல் பூரா அவிய அம்மைக்க மவன், பிள்ளைக்க அப்பன், ஊருக்கு மூத்த ஆளு. எனக்க ஆளா இருக்கது அந்தப் பாயில மட்டுந்தான். நானும் அப்பிடித்தான். மத்த நேரம் நான் மருமவ, அடுப்பு, தொழுவம். அங்கதான் நான் நானா இருப்பேன். அது எதுக்குன்னு கேட்டா நான் என்னத்தச் சொல்ல?"

இரண்டு பாதியையும் கொண்டுவந்து என் முன்னால் போட்டாள். "ஒனக்க அம்மை பின்னினது. ஒனக்குச் சேக்க முடியுமா?"

பிரிந்த பாயை நூல் போட்டுத் தைத்தால் நிற்காது. அறுபட்ட விளிம்பிலிருந்து நாலு விரல் பழைய பின்னலை அவிழ்த்து, ஒவ்வொரு பழைய ஓலையோடும் ஒரு புது ஓலையைச் சேர்த்து வைத்து, நடுவில் புதிதாக ஒரு பட்டை பின்னிக்கொண்டே போய் மறுபாதியைப் பிடிக்க வேண்டும். சேர்ந்த பாய் பழையதைவிட அகலமாகத்தான் வரும். வேறு வழியில்லை. தோப்பு வரப்பில் இருந்த தாழையில் அத்தானே ஓலை வெட்டிக்கொண்டுவந்து போட்டார், யாருக்கு எதற்கு என்று கேட்கவில்லை. நான் முள்வாரி, வெயிலில் காயப்போட்டு, பனியில் பதமாக்கி, கீறி எடுத்துக்கொண்டு முற்றத்தில் உட்கார்ந்தேன். மாமிக்குத் தெரியாமல் செய்ய முடியாது, அந்த வீட்டில் ஒளிவிடமே கிடையாது. என் கல்யாண வாழ்க்கையும் அந்த ஓலையில் மாட்டிக்கொண்டிருந்தது எனக்குத் தெரியும்.

மாமி வந்தாள். திட்டப்போகிறாள் என்று தலையைக் குனிந்தேன். அவள் பாயின் மறுபக்கத்தில் உட்கார்ந்தாள். பின்னுவதை வெகுநேரம் பார்த்தாள். பிறகு பழைய பாதியைக் கையால் தடவிக்கொண்டே, என்னிடம் சொல்கிற மாதிரியும் இல்லாமல் பேசினாள். "இவனுவளுக்க அப்பா போனப்பம், படுத்திருந்த பாயச் சுருட்டிக் கடல்ல விட்டாவ. எனக்கு ஒனக்க வயசு கூட ஆவல்ல. அதில பாதி எனக்க பாய் இல்லியா? ஒருத்தரும் கேக்கல்ல. ரெண்டு ஆம்பிளப் பிள்ளை இருக்கே, பின்னே ஒனக்கு எதுக்குன்னு சொன்னாவ. பாய் பிள்ளைக்குத்தான், எனக்குத்தான் பிள்ளை இருக்கேன்னு நானும் சொல்லிச் சொல்லி… அப்பிடிச் சொன்னாத்தான் எனக்கு உறக்கம் வரும்." அவள் கண் நனைந்ததா என்று நான் நிமிர்ந்து பார்க்கவில்லை. ஒரு ஓலை நழுவி வெளியே வந்திருந்தது. மாமி அதை விரலால் பிடித்துக்கொண்டாள். நான் அடுத்த ஓலையை அதன் மேல் மடக்கும்வரை விடவில்லை.

அதற்காக அவள் மாறிவிட்டாள் என்று சொன்னால் பொய். பாய் முடிந்த பிறகு அதைச் சுருட்டிப் பட்டாசல் மூலையில் சாத்திவைத்தாளே தவிர, எடுத்துக்கொள் என்று அக்காவிடம் சொல்லவில்லை. அது அங்கேயே நின்றது. ஊரைத் தமிழ்நாட்டோடு சேர்க்கப் போகிற நாளுக்கு முன்னால், ஐப்பசித் தொடக்கத்தில், மாமியின் அந்தத் தம்பி முறைக்காரர் பெண் விஷயம் பேச வந்தார். அக்கா மகளைக் கட்டிய மாப்பிள்ளையும் வந்திருந்தார். பகல் சாப்பாடு முடிந்து எல்லோரும் பட்டாசலில் இருந்தார்கள். நான் அடுக்களைக் கதவுக்குப் பின்னால் நின்றேன். பெண் நல்ல குணம், வீட்டில் பிள்ளைகளுக்குக் குறைவில்லாத குடும்பம் என்று அவர் சொல்லிக்கொண்டே போனார்.

அத்தான் எழுந்தார். மூலையில் இருந்த பாயை எடுத்துத் தோளில் வைத்தார். "எங்கலே போற அதத் தூக்கிட்டு?" என்று மாமி கேட்டதும், அதுவரை தாய்க்கு முன்னால் வாய் திறக்காத அவர் நின்றார். "சாய்ப்புக்கு. அவ அங்கதானே படுக்கா. நானும் இனி அங்கதான்" என்றார். வந்தவர் சிரித்துவிட்டார். "மருமவன் இருக்காரு வேய். இந்த வயசில பாயத் தூக்கிட்டு நடக்கீரு?" என்றார். அத்தான் முகம் சிவந்துபோயிற்று. ஆனால் பாயை இறக்கவில்லை. "நாலு தாலுக்காவையே பிரிச்செடுத்துச் சேக்கப் போறாவ. நான் ஒரு பாயச் சேத்தா என்னவாக்கும் கொறஞ்சுபோச்சு?" என்று சொல்லிவிட்டு, நிமிர்ந்து நடந்து போனார். மாப்பிள்ளை வாயைத் துவர்த்தால் மூடிக்கொண்டு சிரித்தார். அடுக்களையில் அக்கா சட்டியைக் கழுவுகிற மாதிரி முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள். அவள் தோள் குலுங்கியது சிரிப்பாலா என்று எனக்குத் தெரியவில்லை.

அந்தச் சத்தம் அடங்குவதற்குள் என் கணவர் பேசினார். சத்தமாகக் கூட இல்லை. "எம்மா, எனக்கு வேற பெண்ணு வேண்டாம். பிள்ளை வந்தா வரட்டு. வராட்டா இவ இருக்கா." வந்தவர் மாமியைப் பார்த்தார். மாமி சாய்ப்புப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள். ஏதாவது சொல்வாள் என்று கதவைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தேன். "மோர் கொண்டு வாட்டி எளையவளே. வந்த ஆளு வெயிலில திரும்பிப் போவணும்" என்றாள். அவ்வளவுதான். பெண் பேச்சு அதோடு நின்றது.

எங்களுக்குப் பிள்ளை பிறக்கவே இல்லை. அதன்பிறகு ஒரு ஆயுளே சேர்ந்து இருந்தோம். மாமியின் கணக்குப்படி அத்தனை வருஷமும் வீண். இந்தக் காலத்துப் பிள்ளைகள் காதல் என்ற சொல்லைக் கூச்சமில்லாமல் பேசுகிறார்கள், கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. எங்களுக்கு அது சினிமாக் கொட்டகையில் கேட்கிற சொல். எங்களிடம் அதற்கு ஒரு பெயரும் இல்லை. பெயரில்லாமலே இருந்தது. தலை துவட்டியதும், எதற்கென்று இல்லாமல் பேசிச் சிரித்ததும், உடம்பு உடம்புக்குப் பக்கத்தில் பயமில்லாமல் கிடந்ததும், வயதான பிறகு வெறுமனே கையை எடுத்து என் கைமேல் வைத்துக்கொண்டு தூங்கியதும் எல்லாம் அதில் அடக்கம். பிள்ளை பெற்றவர்களைப் பார்த்து எனக்கு ஏக்கம் இல்லாமல் இல்லை. மடியில் ஒன்றைக் கிடத்த வேண்டும் என்ற ஆசை இப்போதும் சில நேரம் வரும். ஆனால் அந்த ஏக்கம் வேறு, இது வேறு. ஒன்று கிடைக்காததால் மற்றது எதற்கும் உதவாமல் போய்விடவில்லை. இதைப் புரிந்துகொள்ள எனக்கு அந்தப் பாய் வேண்டியிருந்தது.

சில வருஷம் கழித்து அத்தான் இறந்தார். வழக்கப்படி பாயைச் சுருட்டிக் கடலுக்குக் கொண்டுபோக ஆட்கள் எடுத்தபோது, தள்ளாத வயதில் மூலையில் கிடந்த மாமி, "அதத் தொடாதீங்கலே. பாதி அவளுக்குள்ளது" என்றாள். மகனைப் பறிகொடுத்த கிழவி சொன்னதை யாரும் மறுக்கவில்லை. அக்கா அதில்தான் கடைசிவரை படுத்தாள். ஒரு பக்கமாக ஒதுங்கித்தான் படுப்பாள். அவளும் போனபிறகு பாய் என்னிடம் வந்தது. ஓலைக்கு ஆயுள் எவ்வளவு? அம்மா பின்னிய இரண்டு பாதியும் சிவப்போடு சேர்ந்து பொடிந்து உதிர்ந்துவிட்டன. பின்னால் வந்த பட்டை என்பதாலோ என்னவோ, நடுவில் நான் பின்னியது மட்டும் மிச்சம். அதிலும் இப்போது பூச்சி ஏறிவிட்டது.

என் கணவர் போனபிறகு இந்த இரும்புக் கட்டிலும் பஞ்சு மெத்தையும் வந்தன. மெத்தை ஒரு ஆளுக்குப் பெரிது. பார்த்துக்கொள்ள வருகிற பெண் தினமும் சொல்வாள், "அம்மா, விழுந்திருவிய. ஓரத்தில கெடக்காம நடுவில தள்ளிப் படுங்கோ." சரி மக்கா என்பேன். அவள் விளக்கை அணைத்துவிட்டுப் போனதும், மெத்தைக்கு அடியில் அந்தப் பட்டை மேடிட்டிருக்கும் இடத்தைக் கையால் தடவிப் பார்த்து, அதற்கு இந்தப் பக்கம் என் பாதியில் படுத்துக்கொள்கிறேன்.